ஸ்கிராப்பைத் தானாக வெட்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி பக்கம், ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய இரும்பு யார்டு வைத்திருக்கிறேன். குவாரிகளில் ஓடித் தேய்ந்த டிப்பர் சேசிஸ், கிரஷர் ஷெட்டைப் பிரித்த ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), சேனல் (ப வடிவ இரும்பு), மாம்பழக் கூழ் ஆலைகளில் கழித்துவிட்ட தொட்டி, பைப் என்று கலந்து வரும். இரும்பை உருக்கும் ஃபர்னஸ்காரர்கள் இரண்டடி, மூன்றடித் துண்டாகக் கேட்பார்கள். அதனால் பெரிய சரக்கை எல்லாம் கேஸ் கட்டிங் போட்டு, அதாவது கேஸ் தீயும் ஆக்ஸிஜனும் வைத்து வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

பதினாறு வருடமாக அந்த வேலையைச் செய்வது ஒரே அண்ணன்தான். இரண்டு வருடத்துக்கு முன், குவியலுக்குள் கிடந்த ஷாக் அப்சார்பர் ஒன்றில் சூடு ஏறி வெடித்தது. மூடிய குழாய்க்குள் எண்ணெயும் காற்றும் அடைபட்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அவருடைய வலது முன்கை வெந்துபோனது. அது போக, ஜிங்க் பூசிய பைப்பை வெட்டிய நாட்களில் அந்தப் புகையால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து நடுங்குவார். வெடித்த அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதே முடிவு செய்தேன்: ஆள் பக்கத்தில் நிற்காமல் வெட்டுகிற மெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும்.

இணையத்தில் தேடியதும் வெளியூர் விற்பனையாளர் ஒருவர் கூப்பிட்டார். "சார், மேலே கேமரா இருக்கும். சரக்கைப் போட்டுட்டுப் போயிடுங்க, அதுவே பார்த்து அதுவே வெட்டிக்கும். எந்த இரும்பா இருந்தாலும் சரி" என்றார். வீடியோவும் அனுப்பினார். தகடு நூல் பிடித்த மாதிரி அறுந்து விழுந்தது. மெஷின் விலை 9,50,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11,21,000. அட்வான்ஸ் 4 லட்சம், மீதி லோடு ஏறுவதற்கு முன். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

அந்த வீடியோவை இப்போது போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதில் வெட்டியது புதுத் தகடு. வளைவு இல்லை, துரு இல்லை, பெயிண்ட் இல்லை. நம் சரக்கு ஒன்றுகூட அதில் இல்லை என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை.

மெஷின் வந்து இறங்கியது. முதல் துண்டாக வளைந்த சேனல் ஒன்றை வைத்தோம். தண்டவாளத்தில், தீ கக்கும் டார்ச் நகர்ந்து வந்து சேனலின் மேட்டில் நேராக இடித்தது. அதன் நுனியிலுள்ள நாசில் வளைந்து, தீ "பட் பட்" என்று உள்வாங்கியது. அண்ணன் ஓடிப்போய் வால்வை மூடினார். தீ பின்னோக்கி சிலிண்டருக்குப் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் ஒரு லைனில்கூட இல்லை. இத்தனை லட்சம் வாங்கியவர்கள் அந்தச் சின்னப் பொருளைக்கூடப் போடவில்லை.

நாசில் மாற்றி, நேரான ஆங்கிளை வைத்தோம். அதுவும் பாதியில் நின்றது. காரணத்தை அண்ணன்தான் கண்டுபிடித்தார். கேஸ் கட்டிங்கில் தீ இரும்பை உருக்கி அறுப்பதில்லை. இரும்பு ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சூடேறிச் செக்கச்செவேல் என்று ஆனதும் ஆக்ஸிஜனைத் திறக்க வேண்டும். அந்த ஆக்ஸிஜனில் இரும்பே எரிந்து, கசடாகக் கீழே வழிகிறது. 6 மில்லிமீட்டர் ஆங்கிளுக்கு ஒரு நேரம், தடித்த சேசிஸுக்கு ஒரு நேரம், துருவோ பெயிண்டோ இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. அண்ணன் நிறத்தைப் பார்த்துத்தான் லிவரை அழுத்துவார். இந்த மெஷின் டைமரில் போட்ட நொடி முடிந்ததும் ஆக்ஸிஜனை ஊதியது. சூடேறாத இடத்தில் ஊதினால் இருக்கிற சூடும் ஆறிப்போகும். வெட்டு அறுந்துவிடும்.

"தம்பி, இது தகடு வெட்டுற வண்டி. நம்ம சரக்குக்கு ஆகாது" என்றார்.

கூழ் ஆலைத் தொட்டியில் வைத்தபோது கீறல்கூட விழவில்லை. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலுள்ள குரோமியம் சூட்டில் உருகாத படலமாக மூடிக்கொள்ளும், சாதாரண கேஸ் கட்டிங் அதில் எடுபடாது. எங்களுக்கே தெரிந்த விஷயம்தான். "எந்த இரும்பா இருந்தாலும்" என்று விற்றவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியனை வைத்து பேனலைத் திறந்தேன். கேமராவின் வயர் நேராக டிவி மாதிரி ஒரு மானிட்டருக்குப் போகிறது. டார்ச்சை ஓட்டும் கன்ட்ரோலருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உயரம் பார்க்கும் சென்சாரின் வயர் நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். கேமராவால் வெட்டுப்படும் இடத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆராய்ச்சி வெளிநாட்டில் உண்மையாகவே நடக்கிறது. அந்தப் பேச்சைக் காட்டி என்னிடம் விற்றது சாதாரண தகடு வெட்டும் மெஷின்.

பணம் கட்டும் முன் பில்லைப் படித்திருந்தாலே தப்பித்திருப்பேன். அதில் "ப்ரொஃபைல் கட்டிங் மெஷின் - 1" என்று, அதாவது தகடு வெட்டும் மெஷின் என்று மட்டும் இருக்கிறது. ஸ்கிராப் என்ற சொல்லே கிடையாது. தகராறு வந்தால் அவர்கள் ஊர் நீதிமன்றம்தான் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு. போனில் பேசியது எதுவும் காகிதத்தில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். 2019 சட்டப்படி வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு அங்கே வழி இல்லை, சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும்தான் விலக்கு, நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பதால் கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் போனை எடுப்பதில்லை.

யாராவது இப்படி மெஷின் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் யார்டிலிருந்தே சரக்கை ஏற்றிக்கொண்டு போங்கள். வளைந்தது, துருப்பிடித்தது, பெயிண்ட் அடித்தது எல்லாம் இருக்கட்டும். வெட்டுகிற ஆளையும் கூட்டிப்போங்கள். என்னென்ன சரக்கை, எவ்வளவு தடிமன் வரை வெட்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் யார்டில் ஓட்டிக் காட்டும் வரை பெரிய தொகையைக் கையில் வைத்திருங்கள்.

அரெஸ்டர்கள், தோல் ஏப்ரன், முகக்கவசம் எல்லாம் வாங்கிவிட்டேன். குவியலைக் கிளறி ஷாக் அப்சார்பர், மூடிய குழாய்களைப் பிரித்து எடுக்கத் தனியாக ஒரு ஆள் போட்டிருக்கிறேன். வருகிற வாரம் சேலம் பக்கம் ஒரு ஹைட்ராலிக் ஷியர் பார்க்கப் போகிறோம். தீ இல்லாமல், எண்ணெய் அழுத்தத்தில் கத்தியைத் தள்ளி இரும்பை நறுக்கும் மெஷின் அது. 100 டன் விசையில் தள்ளும் என்கிறார்கள். 100 மில்லிமீட்டர் உள்விட்ட சிலிண்டர், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தம் என்றால் அது தள்ளுவது 15.7 டன்தான் என்று கணக்குப் போட இப்போது கற்றுக்கொண்டேன். சிலிண்டரைத் திறந்து அளந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். அண்ணனும் வருகிறார். டிப்பர் பட்டை இரண்டு, அந்த வளைந்த சேனல் எல்லாம் நேற்றே வண்டியில் ஏற்றியாயிற்று.