மலைச்சாலையில் குயிக் ஷிஃப்டர்: போடியிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

டூரிங் பைக் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக் ஷிஃப்டருக்கென்று தனியாகப் பணம் கொடுக்கலாமா என்பதுதான். கியரை ஏற்றுவதற்கு மட்டும் வேலை செய்கிற வகை என்றால் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். ஏற்றவும் இறக்கவும் வேலை செய்கிற வகை என்றால், நீங்கள் மலையில் ஓட்டுகிறவராகவும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்று விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன், ஏலக்காய் வியாபாரம். வாரத்தில் பாதி நாள் போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம் போகவேண்டியிருக்கும். இல்லையென்றால் கம்பம் வழியாகக் குமுளி, வண்டன்மேடு. ஓய்வு கிடைத்தால் மனைவியோடு மூணாறு, வாகமண், சில சமயம் கொச்சி வரைக்கும். வண்டி 400 சிசிக்குள் அடங்கும் ஒற்றை சிலிண்டர் அட்வெஞ்சர் டூரர். இரண்டு பக்கமும் வேலை செய்யும் குயிக் ஷிஃப்டர் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. ஓட்டம் 30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பகுதி மலைதான். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பைக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றும். கியர் மாறும்போது நகர்ந்து பூட்டிக்கொள்வது அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் கட்டைப் பற்கள், மெக்கானிக்குகள் 'டாக்' என்பார்கள். என்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்வரை இவை ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும், பிரியாது. மழைக்கு உப்பிய கதவில் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டால், கதவை லேசாக உள்ளே தள்ளியதும் தாழ் நழுவி வந்துவிடுமே, அதே மாதிரி ஒரு கணம் அழுத்தம் விலகினால் போதும். கிளட்ச் பிடிப்பது அதற்காகத்தான். குயிக் ஷிஃப்டரில் கியர் லீவர் கம்பியில் ஒரு சென்சார் இருக்கும். கால் அழுத்துவது தெரிந்ததும் இசியு, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், இக்னிஷனையோ பெட்ரோலையோ சில பத்து மில்லி விநாடிகளுக்கு நிறுத்தும், அந்த இடைவெளியில் கியர் விழுந்துவிடும்.

இறக்கும்போது கதை வேறு. கீழ் கியருக்கு என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றவேண்டும் என்பதால் இசியுவே த்ராட்டிலைச் சட்டென்று திறந்து மூடி ஆர்பிஎம்மை (என்ஜின் சுற்றும் வேகத்தை) ஏற்றிக்கொடுக்க வேண்டும். அதற்கு எலக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தாக வேண்டும். கேபிள் த்ராட்டில் உள்ள வண்டிகளுக்கு வெளியில் வாங்கி மாட்டும் கிட்கள் கியரை ஏற்றுவதோடு நின்றுவிடுவது இதனால்தான்.

ஏற்றும் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், சொல்ல அதிகமில்லை. தேனி தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் ஏறிவிட்டால் டூரிங் வண்டி பெரும்பாலும் டாப் கியரிலேயே கிடக்கும். லாரியை முந்தும்போது மூன்றிலிருந்து நான்குக்கு முறுக்கை (கையில் திருகும் த்ராட்டிலை) குறைக்காமலே போவது சுகம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இது பந்தயத்துக்கென்று பிறந்த சாமான். முறுக்கு நன்றாகத் திறந்திருக்க, ஆர்பிஎம் உயரத்தில் இருந்தால்தான் வெண்ணெய் மாதிரி விழும். நாம் டூரிங்கில் நிதானமாக 3,500, 4,000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றுகிறவர்கள். என் வண்டியில் அந்த இடத்தில் ஒரு சின்ன உதறல் இருக்கும், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 'டொக்' என்று சத்தமும் வரும். 5,000க்கு மேல் போனால் இரண்டும் காணாமல் போய்விடும். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு இன்றைக்கும் கிளட்ச் பிடித்துத்தான் மாற்றுகிறேன்.

இனி மலை. முந்தலில் ஆரம்பித்துப் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறினால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் முன்னாலும் பின்னாலும் இருக்கும், நடுவில் ஒரு பஸ் மாட்டினால் முடிந்தது. இந்த நெரிசலில் குயிக் ஷிஃப்டர் எந்த உபகாரமும் செய்யாது. வேகம் 15, 20 கிலோமீட்டருக்கு இறங்கி என்ஜின் திணறும் ஆர்பிஎம்மில் இசியு கியரை ஒழுங்காக மாற்றித் தராது. முதல் கியருக்கு இறங்குவது, வளைவுக்குள் பஸ் நின்றால் நாமும் நின்று மேட்டில் எடுப்பது, இதெல்லாம் கிளட்ச் வேலைதான். "கிளட்சே வேண்டாம்" என்று யாராவது ஷோரூமில் சொன்னால் அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மேட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் இதைக் கோளாறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஆள், செங்குத்தான ஏற்றம். வண்டி திணறுகிறது, முறுக்கைத் திறந்தபடியே கியரை ஒன்று குறைக்கப் பார்க்கிறோம். லீவர் கல் மாதிரி நிற்கும். காரணம், இறக்குவதற்கு முறுக்கு மூடியிருக்கவேண்டும் என்பதுதான் பெரும்பாலான சிஸ்டங்களின் கணக்கு. முறுக்கு திறந்திருந்தால் பற்கள் இழுவையில் இறுகியே இருக்கும். ஒரு கணம் முறுக்கை முழுக்க மூடி, லீவரை அழுத்தி, மறுபடி திறக்கவேண்டும். ஏற்றத்தில் அந்த ஒரு கணத்தில் வண்டியின் வேகம் செத்துவிடும். பாரத்தோடு ஏறும்போது நான் கிளட்சையே பிடித்துவிடுகிறேன், அதுதான் விரைவு.

இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன்? மழையில் இறங்கிப் பாருங்கள்.

தென்மேற்குப் பருவமழை நேரத்தில் தேவிகுளம் தாண்டி கேப் ரோட்டில் பூப்பாறை பக்கமாக இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான ரோடு, நீளமான வளைவுகள், பனி மூடினால் பத்தடிக்கு முன்னால் தெரியாது, மேலேயிருந்து மண் கரைந்து ரோட்டில் ஓடும். கையுறை ஊறி விரல் விறைத்திருக்கும். வலது கையில் இரண்டு விரல் முன் பிரேக்கில். சாதாரண வண்டியில் இந்த நிலையில் நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்க, இடது கை கிளட்சைப் பிடிக்கவேண்டும், வலது கை பிரேக்கை விடாமலே முறுக்கைத் தட்டவேண்டும். தட்டுவது கொஞ்சம் குறைந்தாலும், கிளட்ச் விட்டதும் பின் சக்கரம் ஒரு இழுப்பு இழுக்கும். காய்ந்த ரோட்டில் அது ஒன்றுமில்லை. ஈர மண்ணில் பின்பக்கம் வழுக்கும்.

குயிக் ஷிஃப்டரில் முறுக்கு மூடியிருக்க, லீவரை ஒரு அழுத்து. 'வ்ரூம்' என்று என்ஜின் தானே ஒரு முறை உறுமி அடங்கும், கியர் விழுந்திருக்கும். இன்னொரு அழுத்து, இரண்டாவது. பின் சக்கரத்தில் அசைவே இருக்காது, என்ஜின் பிரேக்கிங் மட்டும் படிப்படியாக ஏறும். இடது கை ஐந்து விரலும் ஹேண்டில்பாரில் இருக்கும். வளைவுக்கு முன்னால் குழி வந்தாலும், கல் கிடந்தாலும் பிடி தளராது. வண்டி தடுமாறாமல் வளைவுக்குள் போகிற அந்த நிம்மதிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று சொல்வேன். கியர் இறக்கும்போது தானே கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தாலும் இந்த இழுப்பு குறையும், அதையும் சொல்லவேண்டும். என் வண்டியில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஆர்பிஎம் பொருந்தி விழுவதன் மென்மை ஸ்லிப்பர் கிளட்சில் மட்டும் வராது.

பின்னால் உட்காருகிறவர்களிடம் கேட்காமல் டூரிங் பற்றிப் பேசக்கூடாது. என் மனைவி சொன்னது இது: "மலையில இறங்கும்போது நீங்க கியர் போடுறதே தெரியலங்க. ஊருக்குள்ள வந்துட்டாதான் ஹெல்மெட் முட்டிக்கிட்டே இருக்கு." அவ்வளவு சரியான விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. அதிலிருந்து ஊருக்குள் 40க்குக் கீழே முழுக்கக் கிளட்ச்தான்.

அப்புறம் பராமரிப்பு. மழைக்காலம் முடிகிற சமயத்தில் கியர் ஏற்றும்போது உதறல் கூடிவிட்டது, சில சமயம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நியூட்ரல் மாதிரி தொங்கியது. சர்வீஸ் சென்டரில் சென்சாரையே மாற்றச் சொன்னார்கள், சொன்ன விலை கொஞ்சநஞ்சமில்லை. போடியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தம்பியிடம் விட்டேன். லீவரைத் தொடக்கூட இல்லை, குனிந்து செயினைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, செயின் இவ்ளோ தொங்குனா எந்த கியர்தான்ணே உதறாது? மொதல்ல இதைச் சரி பண்ணுவோம், சென்சாரை அப்புறம் பாத்துக்கலாம்." செயினை அளவுக்கு இறுக்கி, லீவர் மூட்டில் காய்ந்து கிடந்த செம்மண்ணைக் கழுவி, சென்சார் கனெக்டரைக் கழற்றித் துடைத்துப் போட்டான். உதறல் பழைய அளவுக்கு வந்துவிட்டது, சென்சார் இன்றுவரை அதேதான். இக்னிஷனை வெட்டி வெட்டி இழுக்கும்போது செயினில் இருக்கும் தொய்வு ஒவ்வொரு முறையும் அடியாக விழும், அதனால் மற்ற வண்டிக்காரர்களைவிட நாம் செயினை அடிக்கடி பார்க்கவேண்டும். என்ஜின் ஆயிலையும் தள்ளிப்போடக்கூடாது. பழைய ஆயிலில் கியர் விழுவது கடினமாகிறது, நன்றாகவே தெரிகிறது.

கியர்பாக்ஸ் போய்விடுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சரியாக ஓட்டினால் போகாது. கெடுப்பது இரண்டு பழக்கங்கள்: லீவரின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது, கியரை அரைமனதாகத் தட்டுவது. கால் பட்டுக்கொண்டே இருந்தால் சென்சார் நாம் கியர் கேட்பதாக எடுத்துக்கொள்ளும். அரைமனதாகத் தட்டினால் பற்கள் முழுக்கக் கோக்காமல் விளிம்பில் உரசும். ஒரே அழுத்தாக, முடிவுவரைக்கும் அழுத்துங்கள். மழைக்கு மேலே மாட்டும் ரப்பர் பூட் கவர் போட்டிருந்தால் அந்த அழுத்தம் காலுக்குத் தெரியாது, அதனால் நான் மழைக்காலத்தில் வாட்டர்ப்ரூஃப் பூட்டுக்கே மாறிவிட்டேன். இன்னொரு நல்ல விஷயம், சென்சார் நடுவழியில் செத்தே போனாலும் வண்டி நிற்காது. கிளட்ச் பிடித்து சாதாரண வண்டி மாதிரி வீடு வந்து சேரலாம்.

நெரிசலில் இடது கை வலிக்கிறது என்பதற்காக இதை வாங்க நினைக்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். கொச்சியில் இடப்பள்ளியிலிருந்து வைற்றில வரைக்கும் நகரும் டிராஃபிக்கில் குயிக் ஷிஃப்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு லேசான அசிஸ்ட் கிளட்ச் உள்ள வண்டி பாருங்கள். பட்ஜெட் பெரிதாக இருந்தால் ஹோண்டா 2010இல் விஎஃப்ஆர்1200எஃப்பில் கொண்டுவந்த டிசிடி என்னும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், 2023இன் இறுதியில் சிபி650ஆர் வண்டிக்கு அறிவித்த இ-கிளட்ச் போன்றவை இருக்கின்றன. இவை நிற்கும்போதும் எடுக்கும்போதும்கூடக் கிளட்சைத் தாமே பார்த்துக்கொள்ளும். குயிக் ஷிஃப்டரோடு இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், வேலையே வேறு.

வாங்குவதற்கு முன்னால் ஷோரூம் வாசலில் நேர் ரோட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, பக்கத்தில் இறக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய், 50 கிலோமீட்டர் வேகத்தில் முறுக்கை மூடி நான்கு, மூன்று, இரண்டு என்று இறக்கிப் பாருங்கள். ஹெல்மெட் முட்டியதா என்று பின்னால் இருப்பவரிடம் கேளுங்கள்.