ஆறு பகடை, ஐந்து காகிதம்: டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்டர் செட்

மொபைலில் கேம் ஆடும் எவருக்கும் லெவல், ஹெச்பி (உயிர்ப் புள்ளி), எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எல்லாம் தண்ணிபட்ட பாடு. அதெல்லாம் முதலில் காகிதத்தில் பென்சிலால் எழுதி ஆடிய சமாச்சாரம் என்று எனக்குத் தெரியவந்ததே ரொம்பத் தாமதமாகத்தான். அந்த ஆட்டம்தான் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகி வாயால் பேசியே ஆடுவது. அதனால் புதியவர்களுக்கென்று 2014ல் வந்த அதன் ஸ்டார்டர் செட் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது என்றதும் விடவில்லை, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் 32 பக்க விதிப்புத்தகம், 64 பக்கக் கதைப்புத்தகம், தயாராக எழுதிவைத்த ஐந்து கேரக்டர்கள், ஆறு பகடை. பலகை, பொம்மை எதுவும் கிடையாது. 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஒருவர் டன்ஜியன் மாஸ்டர், அவர் சொல்வதுதான் உலகம். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, காகிதத்தில் இருக்கும் எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் முதல் காட்சி: பாதையில் அம்பு தைத்துச் செத்துக்கிடக்கும் இரண்டு குதிரைகள், புதரில் கோப்ளின்கள் (இரண்டாவது வாரத்திலேயே அவை 'குட்டிச்சாத்தான்' ஆகிவிட்டன). எல்லோரும் கத்தியை உருவ, மந்திரவாதியாக ஆடிய நண்பர் மட்டும் "நான் அதுங்களோட பேசிப் பார்க்கிறேன்" என்றார். எந்த வீடியோ கேமிலும் அதற்குப் பட்டன் இருந்திருக்காது, இங்கே நான்தான் மாஸ்டர், பதில் சொல்லியாக வேண்டும். சரி, பேசவிட்டேன். அடுத்த அம்பில் ஆள் விழுந்துவிட்டார். புதியவர்களுக்கு இந்த முதல் சண்டை கொஞ்சம் அதிகம்தான், மாஸ்டர் கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இந்த ஆட்டம் 1974ல் அமெரிக்காவில் வந்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் சேர்ந்து எழுதியது. அதற்கு முன் இவர்கள் ஆடியதெல்லாம் படையை நகர்த்தும் போர் விளையாட்டு. ஆர்னெசன் தன் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு படைக்குப் பதில் ஆளுக்கு ஒரு ஆளையே கொடுத்தார், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். முதல் அச்சு வெறும் 1000 பிரதி, மூன்று சின்னப் புத்தகம். அதிலும் உங்களிடம் ஏற்கெனவே ஒரு போர் விளையாட்டு விதிநூல் இருக்க வேண்டும், காட்டுக்குள் பயணம் போக வேறொரு நிறுவனத்தின் போர்டு கேம் பலகையும் வேண்டும்! தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் புரிந்துகொள்வது பெரும்பாடு. அதோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி எங்கோ போய்விட்டது, சொல்லித்தர ஆளே இல்லாத எங்களுக்கு ஒரே மாலையில் ஆட்டம் பிடிபட்டது.

எண்பதுகளில் அமெரிக்காவில் இதைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெற்றோர்களைப் பயமுறுத்தினார்கள். அதே சமயம் கம்ப்யூட்டரில் இதே பாணியில் 1981ல் விசார்ட்ரி, அல்டிமா என்ற கேம்கள், அவற்றைப் பார்த்து ஜப்பானில் 1986ல் டிராகன் குவெஸ்ட் என்று போய்க்கொண்டே இருந்தது. நம் ராட்சசனும் 1977லேயே இந்த ஆட்டத்தின் அரக்கர் புத்தகத்தில் ஏறிவிட்டான், ஆனால் படத்தில் புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்தபடி இருக்கிறான். இராவணன் பார்த்தால் பத்து வாயாலும் சிரிப்பான்.

குறை என்றால், சொந்தக் கேரக்டர் உருவாக்கும் விதி பெட்டியில் இல்லை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளைத் தேடிப்போக வேண்டும். பகடையும் ஒரே செட்தான், கைமாறிக் கைமாறி ஒன்று சோபாவுக்கு அடியில் போய்விட்டது. மாஸ்டர் முன்கூட்டியே படிக்கவில்லை என்றால் மொத்தக் கூட்டமும் காத்திருக்கும், படிக்கச் சோம்பல் என்றால் இதை வாங்காதீர்கள். 2022ல் வேறு கதையோடு புதுப்பெட்டி வந்திருக்கிறது, வாங்கும்போது எது என்று பார்த்து வாங்குங்கள்.

கதை ஐந்தாம் லெவல் வரை போகிறது, நாங்கள் இன்னும் மூன்றில்தான் நிற்கிறோம். பச்சை டிராகன் இருக்கும் ஊருக்கு அடுத்த வாரம் போகலாம் என்று நான் ஆசை காட்டினேன், மந்திரவாதி மட்டும் அதோடும் பேசிப் பார்க்கலாம் என்கிறார்.