பிரெய்டு காரணமில்லாமல் அறுகிறதா? ஃபூஜி எஸ்ஐசி டிப் மாட்டிப் பார்த்த அனுபவம்

ஃபூஜி எஸ்ஐசி டிப் என்பது தூண்டில் ராடின் நுனியில் மாட்டுகிற ஒரு சின்ன வளையம். ரீலைப் பற்றியும் லூர் என்கிற போலி இரையைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நல்ல பிரெய்டு, அதாவது பின்னல் நூல், வாங்கியும் அது அடிக்கடி அறுந்து நொந்துபோனவர்கள், அடுத்த ஸ்பூல் நூலுக்குக் காசு எடுத்து வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மச்சான் கோவளம், முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் லூர் வீசுகிறவன். ராடும் ரீலும் வாங்கிக் கொஞ்ச காலம் தங்கூசி என்கிற நைலான் நரம்புதான் போட்டிருந்தான். அப்புறம் எட்டு இழை பிரெய்டு, 20 பவுண்டு இழுவை தாங்குவது, மாற்றினான். அன்றிலிருந்து ஆரம்பித்தது. வீசும்போது 'டப்' என்று ஒரு சத்தம், லூர் மட்டும் தனியாகப் பறந்து போகும். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் கைக்கு வந்துகொண்டிருக்கிற சுமாரான மீனிலேயே விட்டுவிடும். வேறு கம்பெனி நூல் வாங்கிச் சுற்றினான். அதுவும் அதே கதை. "தங்கூசி போட்ட வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல மாமா, இந்த பிரெய்டுதான் எனக்கு ராசியில்ல" என்றான்.

இரண்டு கம்பெனி நூலும் ஒரே மாதிரி அறுகிறது என்றால் நூலைச் சந்தேகப்படுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். நூல் போகிற வழியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அறுந்த முனையைப் பார்க்க வேண்டும். முனை பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் சீலா, வஞ்சிரம் மாதிரி பல்லுள்ள மீனோ சிப்பி ஒட்டிய கல்லோ வேலையைக் காட்டியிருக்கும். இவனுடைய நூலில் முனை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. அதோடு நிற்கவில்லை. லீடர் (பிரெய்டின் முனையில் கட்டுகிற தடித்த நூல்) முடிச்சிலிருந்து ரீல் பக்கமாக விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் நெடுந்தூரம் வரை சொரசொரப்பு. ஸ்பூலின் உள்ளே, வீச்சுக்கு வெளியே வராத பகுதி மட்டும் புதுசுபோல வழவழப்பு. வெளியே போய் வருகிற நூல் முழுவதும் எங்கோ உரசுகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

ரீலில் நூலைத் திருப்பி ஸ்பூலுக்கு அனுப்புகிற லைன் ரோலர் தடையில்லாமல் சுற்றியது. ஸ்பூல் விளிம்பில் நகத்தை ஓட்டினேன், கீறல் இல்லை. மிச்சம், ராடு நெடுக நூல் நுழைந்து போகிற கைடு வளையங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுக்க வேண்டும். கீழே இருந்த வளையங்களில் எல்லாம் பஞ்சு சுத்தமாக வந்தது. நுனி வளையத்தில் மட்டும் ஓர் இடத்தில் தயங்கி, மெல்லிய இழை ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான், வளையத்தின் உள்பக்கத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் தெரிந்தது. பைக்கில் ராடைக் கட்டிக்கொண்டு போகையில் எங்கோ இடித்திருக்கலாம்.

சரி, தங்கூசி மட்டும் எப்படித் தாங்கியது? தங்கூசி ஒற்றை நரம்பு. அதே பவுண்டுக்கு பிரெய்டைவிட நல்ல தடிமன், இழுத்தால் நீளும், மேலே ஒரு கீறல் விழுந்தாலும் சட்டென்று விட்டுவிடாது. பிரெய்டு முடியைவிட மெல்லிய எத்தனையோ பாலித்தீன் இழைகளைப் பின்னிச் செய்தது. அந்த விரிசல் வழியாக ஒவ்வொரு முறை போகும்போதும் சில இழைகள் அறுகின்றன. வீச்சின் முழு வேகத்தில் சுமை விழுகிற ஒரு நொடியில் மிச்சம் இருப்பதும் போய்விடும். சில நாள் அறுந்து சில நாள் அறுகாததன் காரணமும் இதுதான்.

இப்போது வளையத்துக்கு வருவோம். எஸ்ஐசி என்றால் சிலிக்கான் கார்பைடு. மிகக் கடினமான பீங்கான் வகை, கண்ணாடிபோலத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். எனக்கு இதில் பிடித்தது கடினத்தைவிட, சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் குணம். பிரெய்டு செய்கிற பாலித்தீன் ஏறக்குறைய 145 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே பலம் குறைந்துவிடும். பெரிய மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது உராய்வுச் சூடு நுனியிலேயே தங்கினால் நூலுக்கு ஆபத்து. முடிச்சின் மிச்ச நுனியை லைட்டரால் சுடுகிறவர்களும் இதே காரணத்துக்காகச் சுடரை முடிச்சுக்குத் தள்ளியே வையுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குவதும் இதற்காகத்தான்.

மாட்டுவது சுலபம். பழைய டிப்பின் உலோகக் குழாயை மட்டும் லைட்டரால் லேசாகச் சூடாக்கி நேராக இழுத்தால் வந்துவிடும். தீ கார்பன் தண்டில் படக் கூடாது, முறுக்கவும் கூடாது. பிறகு தண்டு நுனியின் தடிமனை வெர்னியரால் அளந்து குழாய் அளவு சொல்லி வாங்குங்கள். குழாயின் உள்விட்டம் மில்லிமீட்டரில் இருக்கும். மச்சான் ராடுக்கு 2.2 பொருந்தியது. வளையத்துக்குத் தனி எண் உண்டு, பழையது என்னவோ அதையே எடுத்தால் போதும். ஒட்டுவதற்கு ஹாட் குளூதான் நல்லது. வாங்கிய இடத்தில் ஃபெவிக்விக் போதும் என்றார்கள். அது நேர் பார்த்துத் திருப்புவதற்குள் பிடித்துக்கொள்ளும். குளூவை உருக்கித் தடவி, டிப்பைச் செருகி, ரீல் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற வளையங்களோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் மறுபடி சூடு காட்டித் திருப்பிக்கொள்ளலாம்.

புது நூல் வாங்கவில்லை. பஞ்சான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினோம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நல்ல பகுதி வெளியே வந்தது. அதே நூல், அதே ராட், அதே கை. அதற்குப் பிறகு வீசும்போது அந்த 'டப்' வரவே இல்லை. போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் ஒரு கொடுவா தலையை உதறி உதறிக் குதித்தபோதும் நூல் நின்றது. மச்சான் எனக்கு போன் போட்டுப் பேசிய குரலை இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

இந்த டிப் மாட்டினால் எல்லா அறுப்பும் நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரெய்டைத் தளர்வாகச் சுற்றியிருந்தால் சுமை வரும்போது மேல் சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்துவிடும். அடுத்த வீச்சில் அங்கே மாட்டி அறுகும். அதற்கு ஈரத்துணியால் நூலைப் பிடித்து இறுக்கிச் சுற்றுவதுதான் மருந்து. காற்றில் தானாக விழுகிற முடிச்சைக் கவனிக்காமல் இழுத்து இறுக்கினாலும் அப்படியே. கல்லுக்கும் பல்லுக்கும் லீடரைத்தான் நம்ப வேண்டும்.

விலை, ஒரு நல்ல பிரெய்டு ஸ்பூலோடு பார்த்தால் சிறு பங்குதான். எஸ்ஐசி வளையம் கடினமே தவிர இடி தாங்காது, பாறையில் அடித்தால் இதுவும் விரிசல் விடும். ராடுக்கு நுனி உறை போடுங்கள். வளையத்தைத் தாங்குகிற உலோகச் சட்டம் ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் என இரண்டிலும் வருகிறது. கடலில் ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். டைட்டானியத்துக்குத் துருக் கவலை கிடையாது, ஆனால் விலை கூடுதல். கை கடிக்கிறது என்றால் அதே கம்பெனியின் ஆல்கோனைட் வளையமும் பிரெய்டுக்குத் தாராளமாகப் போதும். நான் இப்போது பையில் ஒரு உதிரி டிப்பும் ஒரு துண்டு குளூவும் பஞ்சுக் குச்சிப் பொட்டலமும் வைத்துக்கொள்கிறேன். கரையில் யாராவது நூலைத் திட்டிக்கொண்டிருந்தால், முதலில் அந்தக் குச்சியைத்தான் நீட்டுகிறேன்.