டர்பனில் இலவச சட்ட உதவி: புதிய வழக்கறிஞர் எங்கே சேரலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆர்ட்டிகிள்ஸ் (வழக்கறிஞராகப் பதிவாகுமுன் செய்யும் பயிற்சி) செய்துகொண்டிருப்பவர் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்ய முன்வந்தால், மூன்று வழிகள் உண்டு: பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளின் சமூக ஆலோசனை அலுவலகங்கள், இலவச வழக்குகளை வழக்கறிஞர்களிடம் ஒப்படைக்கும் ப்ரோபோனோ.ஆர்க் அமைப்பு. அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவையும் சிலர் இவற்றோடு சேர்ப்பார்கள். அங்கே கிடைப்பது சம்பளத்துடன் கூடிய பயிற்சி வேலை. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் எழுதிய தாள் வெளியே போகுமுன் அதைப் படித்துத் திருத்த யார் இருக்கிறார்?

அப்படிப் பார்த்தால் முதலாண்டுக்காரருக்குப் பல்கலை மையமே ஏற்றது. குவாசூலு-நேட்டால் பல்கலையின் மையம் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இத்தகைய மையங்களில் பதிவுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஒவ்வொரு கோப்பையும் மேற்பார்வையிடுவார். 2014ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டத்தின் 25(5) பிரிவுப்படி பயிற்சி வழக்கறிஞர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகலாம். பெரிய வழக்குகளை விசாரிக்கும் பிராந்திய கோர்ட்டுக்கு ஓராண்டுப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். இரண்டுமே ஒரு வழக்கறிஞரின் அறிவுறுத்தலிலும் மேற்பார்வையிலும்தான். உங்கள் சீனியர் வேறு அலுவலகத்தில் இருந்தால், யாருடைய அறிவுறுத்தலில் ஆஜராகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சமூக ஆலோசனை அலுவலகத்தில்தான் சனங்களின் உண்மையான சிக்கல்கள் வந்து நிற்கும். வேலை போனது, வீட்டைக் காலி செய்யச் சொன்னது, கடன் நோட்டீஸ், சொத்துத் தகராறு என்று ஒரே காலையில் எல்லாம் வரும். இங்கே முதலில் கேட்க வேண்டியது தேதி. அநியாயப் பணிநீக்கத்துக்கு சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு ஆணையத்திடம் 30 நாளுக்குள் மனு போக வேண்டும். தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி விண்ணப்பம். கடன் பாக்கிக்காக வரும், கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவு நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 10 வேலை நாள். கதையை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுத் தேதிக்கு வருபவர்கள்தான் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள்.

நம்மவர் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் வரும். கோவிலில் தாலி கட்டி நடந்த கல்யாணம், சிவில் பதிவு கிடையாது, கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் பங்கே இல்லை என்று உறவினர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. கோவேந்தர் எதிர் ராகவய்யா வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம், உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் அவரும் வாழ்க்கைத்துணையே என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதை வைத்து விவாகரத்தும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில் அதே நீதிமன்றம் அதற்கு மறுத்துவிட்டது. கல்யாணத்துக்கு ஆதாரமாகப் பூசாரியின் கடிதம், புகைப்படங்கள், உறவினரின் அஃபிடவிட் (சத்தியப்பிரமாண வாக்குமூலம்) எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சொத்து 2,50,000 ரேண்டுக்குள் இருந்தால் அதைப் பிரித்துக்கொடுக்க, இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தின் அதிகாரக் கடிதமே போதும். அதற்கு வழக்கறிஞர் கட்டணம் தேவையில்லை.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். பயிற்சி வழக்கறிஞர், அஃபிடவிட்டுக்குச் சத்தியம் வாங்கிச் சான்றளிக்கும் சத்தியப்பிரமாண ஆணையர் அல்ல. அஃபிடவிட்டில் முத்திரை குத்தக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே செய்து தருவார்கள். மூலப் பத்திரங்களை வாங்கி வைக்காதீர்கள், நகல் போதும். ஜூலு மட்டும் பேசுபவரின் வாக்குமூலத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு எழுதுவதைவிட, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருப்பது மேல். வாரம் ஒருமுறையாவது கோப்பைப் பார்க்கும் சீனியர் இல்லாத அலுவலகத்தில், எவ்வளவு கெஞ்சினாலும், தனியாக உட்கார வேண்டாம்.

ப்ரோபோனோ.ஆர்க், நீங்கள் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற பிறகுதான் பொருந்தும். வழக்கைத் தேர்ந்து உங்களிடம் ஒப்படைப்பார்கள், பொறுப்பு உங்களுடையது. அதுவரை உங்கள் நிறுவனம் அங்கே எடுத்த கோப்புகளில் உதவலாம்.

எங்கள் பரிந்துரை: முதலாண்டு பல்கலை மையம், இரண்டாமாண்டு மேற்பார்வை உள்ள ஆலோசனை அலுவலகம், பதிவான பின் ப்ரோபோனோ.ஆர்க். 2023இல் அரசிதழில் வந்த விதிகளின்படி கட்டாயச் சமூக சேவை, பயிற்சி வழக்கறிஞருக்கு ஆண்டுக்கு 8 மணி நேரம், பதிவானவருக்கு 40. தேதி, கோப்பு எண், நேரம் ஆகியவற்றைக் குறித்து மாதம்தோறும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டு முடிவில் ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.