கொடிகாமத்துப் புட்டுக்கடையும் நான் குறைத்த ஆறு கிலோவும்

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வந்தால், கொடிகாமம் சந்தைக்குக் கொஞ்சம் முந்தி இடது கைப்பக்கம். தகரக் கூரை, வாசலில் ஒரு கதலிக் குலை, இரண்டு வாங்கு. ஞாயிறு காலை ஆறேமுக்காலுக்கு நாலைந்து சைக்கிள்கள் வேலியில் சாய்ந்து நிற்கும். அதில் ஒன்று என்னுடையது.

முதல் தடவை போனது பசியால் இல்லை, விழாமல் இருக்க. போன வருடம் ஆனி மாதம், ஒரு சைக்கிள் போட்டிக்காக 64 கிலோவிலிருந்து 58க்கு இறங்கியிருந்தேன். காலையில் சீனி இல்லாத தேத்தண்ணி, இரவில் ஒரு குரக்கன் ரொட்டி. மெலிந்தால் வேகம் என்று நினைத்தேன். தூர் டி பிரான்ஸ் ஓடுகிறவர்களின் குச்சிக் கைகளைப் படத்தில் பார்த்த வினை. அவர்கள் மலை ஏறுகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். இங்கே எதிரி காற்று. சோளகத்தைக் கிழித்துக்கொண்டு போகக் காலில் பலம் வேண்டும். உடம்பு இலேசாக இருப்பதால் காற்று வழிவிடப் போவதில்லை. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு விளங்க ஒரு வருடம் போனது.

அன்று ஆனையிறவு உப்பளம் வரை கூட்டத்தோடு ஒட்டிப் போய்விட்டேன். திரும்பும்போது பளையில் கால் செத்தது. முகமாலையில் தனித்துப் போனேன். எழுதுமட்டுவாளில் கை நடுங்கியது, வீதி இரண்டாகத் தெரிந்தது. உடம்பில் சேர்த்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோசன் வேகமாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் காணும். நான் அதையும் நிரப்பாமல் புறப்பட்டவன். கடை வாசலில் இறங்கினேன். அடுப்படியில் நின்ற அக்கா ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டா: “தம்பி, நீங்கள் சைக்கிள் ஓடுறியளோ, விரதம் பிடிக்கிறியளோ?”

பதில் சொல்ல முன்னரே கையில் ஒரு பனங்கட்டித் துண்டும் பிளேன்ரீயும் தந்துவிட்டா. பத்து நிமிடத்தில் வீதி ஒன்றானது.

பனங்கட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில் பெரும்பகுதி சுக்குரோசு, சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. குடலில் குளுக்கோசு பாதி, பிரக்டோசு பாதியாகப் பிரியும். ஓடும்போது உறிஞ்சும் வெளிநாட்டு ஜெல் பைக்கற்றுகளில் இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு சர்க்கரைதான். குடல் இரண்டையும் வெவ்வேறு வாசலால் உள்ளே எடுப்பதால், குளுக்கோசு மட்டும் என்றால் மணிக்கு 60 கிராமில் நிற்பது, இரண்டும் சேர்ந்தால் 90 வரை போகும். அக்காவின் குட்டானில் இரண்டு துண்டை ஓலையோடு சட்டைப் பையில் போட்டால் ஒரு ஜெல்லுக்குக் கிட்ட வரும். குறை, வெயிலில் பிசுபிசுக்கும். கையுறை நாசம்.

ஓட முன்னர் என்றால் இடியப்பமும் சொதியும் கேளுங்கள். நான் பத்து எடுப்பேன், மேலே இரண்டு கதலி. சம்பலை விடுங்கள். அக்கா விடமாட்டா, “கொஞ்சம் போடுறன்” என்று போட்டே தீருவா, ஆனால் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் வயிற்றில் கிடக்க ஓடிப் பார்த்தால் தெரியும். புட்டு ஓடி முடிந்த பிறகுதான்: முட்டைக்கறி அல்லது மீன் குழம்போடு, வெட்கப்படாமல் இரண்டாம் தரமும். போத்தலைக் கொடுத்தால் கிணற்றுத் தண்ணீரில் தேசிக்காய், உப்பு, சீனி கரைத்துத் தருவா. இதற்குக் காசு வாங்குவதில்லை. நான் வாழைப்பழத்தில் கூட்டிக் கொடுத்துவிடுவேன். கடைசியாக வந்த பில் 380 ரூபாய்.

அந்த நாளுக்குப் பிறகு ரத்தம் சோதித்தேன். இரும்பும் ஆண் ஓமோனும் கீழே. வைத்தியர் கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். கொழுப்பு நீங்கலாக என் உடம்பு 52 கிலோ. நாள் முழுக்கச் சாப்பிட்டது 1800 கலோரி. ஓட்டத்தில் எரிந்தது 900. மிச்சம் 900, ஒரு கிலோவுக்கு 17. உடம்பு நல்லபடி நடக்க 45 அளவில் வேண்டும், 30க்குக் கீழே போனால் எதையாவது நிறுத்தத் தொடங்கும் என்றார். எனக்கு நித்திரையையும் சூட்டையும் நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதம் போர்வை தேடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்படிச் சாப்பாடு காணாமல் உடம்பு பழுதாவதைப் பெண்களின் பிரச்சினை என்றே வெகுகாலம் பேசினார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ஆண்களையும் சேர்த்து ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை, என்று பெயர் வைத்தது. சைக்கிள்காரருக்கு எலும்பிலும் சிக்கல்: நிலத்தில் கால் மோதாத விளையாட்டு என்பதால் எலும்புக்கு வேலை இல்லை, அதோடு பட்டினியும் சேர்ந்தால் மெலியும். எங்களோடு ஓடும் தங்கச்சி ஒருத்திக்கு மாதவிடாய் நின்றபோது, நல்லாப் பயிற்சி செய்கிறாய் என்று பாராட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவளை இப்போது நாங்கள்தான் இந்தக் கடைக்கு இழுத்து வருகிறோம். போன கிழமை மூன்று புட்டு முடித்தாள்.

சரி, குறைகள். எட்டு மணிக்குப் பிறகு சொதி இருக்காது. பிளேன்ரீயில் சீனி அளவு அக்காவின் மனநிலையைப் பொறுத்தது. கை கழுவும் இடத்தில் எப்போதும் சேறு, சைக்கிள் சப்பாத்தோடு போனால் சறுக்கும். வெள்ளிக்கிழமையில் மச்சம் இல்லை, கத்தரிக்காய்ப் பால்கறிதான். அது உண்மையில் மீன் குழம்பை விட நல்லது, ஆனால் இதை அக்காவிடம் சொன்னால் மீன்காரரான அவவின் மனுசன் கோபிப்பார்.

பத்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். சில்லறையோடு போங்கள், 5000 ரூபாய்த் தாளை நீட்டினால், “அடுத்த ஞாயிறு தாங்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவா.