டர்பனில் நந்தனார் கதாகாலட்சேபம்: முன்வரிசை பிடித்து உட்காருங்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், பண்ணையாளாக இருந்த சிவபக்தர் நந்தனாரின் சரித்திரம் கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த குழு, கதை சொன்ன பாகவதர் ஒரு அம்மா. இந்தப் பக்கம் இன்னும் இரண்டு இடங்களில் நடத்தப் போகிறார்களாம், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கூட வந்த என் தம்பி, யாரோ உட்கார்ந்து புராணம் பேசப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தான். இது அப்படியில்லை. பாகவதர் நின்றுகொண்டே, கையில் தாளத்துக்குச் சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டே பேசுகிறார், பாடுகிறார், நடுவில் பண்ணை முதலாளியான வேதியராகவும் நந்தனாகவும் மாறுகிறார், பின்னால் ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்பாட்டும் விடாமல் பிடித்துக்கொண்டே வருகின்றன. தஞ்சாவூரில் மராத்தியர் வழியாக வந்த கீர்த்தன் முறையை 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார், ஸாகி, திண்டி என்ற மராத்தி மெட்டுகள் இன்றும் நடுநடுவே வருகின்றன. சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று இங்கே சொல்லும் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு, வேஷம் கட்டாமல் ஒரே ஆள் இத்தனை பேராக நிற்பது புதிதாக இருந்தது.

அன்று சொன்னது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் கதை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம் இந்த வேதியர் ஆண்டை கிடையாது, பாரதியார்தான் கொண்டுவந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நந்தன் ஆண்டை முன்னால் நிற்கும் இடத்தைப் பாகவதர் இருபது நிமிஷத்துக்கு மேல் சொன்னார். குரலை ஏற்றவே இல்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார், ஒவ்வொரு தடவையும் கெஞ்சல் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த ஓர் ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க தாத்தாவும் தோட்டத்துத் தொரைகிட்ட சீட்டுக்கு இப்படித்தான் நின்னாராம்" என்றார். 1860-இல் ட்ரூரோ கப்பல் வந்தது முதல் இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள், முதலாளி சீட்டு எழுதிக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தார்கள். பாகவதர் நம் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் மண்டபத்தில் பாதிப் பேர் அந்த இடத்தில் அழுதோம்.

குறையும் இருக்கிறது, மண்டபக்காரர்கள் பக்கம்தான். ஆர்மோனியத்துக்கு வைத்த மைக் பாகவதர் குரலை அமுக்கிவிட்டது, நான்காவது வரிசைக்குப் பின்னால் வசனம் பாதி போய்ச் சேரவில்லை. அப்புறம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதையை நிறுத்தி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் திருப்புன்கூரில் நந்தி விலகுகிற நேரத்தில் மிருதங்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது போய் நிறுத்தலாமா? கதைச் சுருக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்திருந்தால் போதும். நேரம் வேறு போய்விட்டதால் தீ வளர்த்து நந்தன் இறங்கும் கட்டத்தை ஓட்டிவிட்டார்கள், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

டிக்கெட் இல்லை, தட்டில் விருப்பப்பட்டதைப் போடலாம். முடிந்ததும் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. சாப்பாட்டு வரிசைக்காக மங்களத்துக்கு முன்னால் எழுந்து போகாதீர்கள், அன்று அதைத்தான் எல்லாரும் சேர்ந்து பாடினோம்.