மார்கியெவிச், கிஃபோர்ட்: அயர்லாந்து விடுதலையில் இரு ஓவியர்கள்

லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்ற இவ்விருவரில், கான்ஸ்டன்ஸ் மார்கியெவிச் ஓவியத்தைப் பின்னுக்குத் தள்ளி, பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது டப்ளினின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் ஆயுதம் ஏந்தினார். பெண் என்பதால் மரண தண்டனையிலிருந்து தப்பி, 1918இல் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணாகியும், அங்கே பதவியேற்க மறுத்தார். அரசியல் சாதனையில் அவரே பெரியவர்.

கேலிச்சித்திரங்கள் வரைந்த கிரேஸ் கிஃபோர்டோ சிறையிலும் தூரிகையைக் கைவிடவில்லை. 1916 மே 3 இரவு, கில்மைனம் சிறையின் தேவாலயத்தில், எழுச்சித் தலைவர்களில் ஒருவராக மரண தண்டனை பெற்றிருந்த ஜோசப் பிளங்கெட்டை மணந்தார். சில மணி நேரத்தில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஓரிரவு மணப்பெண்ணாக மட்டுமே பலர் அவரை நினைவுகூர்வது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில், 1923இல் உள்நாட்டுப் போரின்போது தாமே கைதியாக அதே சிறைக்குள் அடைக்கப்பட்டபோது, குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளைத் தம் அறைச்சுவரில் வரைந்த ஓவியர் அவர்.